சனிக்கிழமைப் பைகள்

உட்கார்ந்துகொண்டு காவல் காக்கிறவனை நான் காவல்காரன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எனக்கென்று ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஏழு வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட வராது. வாசலின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் பதினெட்டு எட்டு. போவேன், திரும்புவேன், வருவேன். பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்த கால், சும்மா நின்றால் அரிக்கும். ஒச்சப்பன் தரையைத் தேய்க்கத்தான் சம்பளம் வாங்குகிறான் என்று உள்ளே மிளகு தரம் பிரிக்கிற பெண்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் வாசலைத் தாண்டி ஒரு மணி மிளகு திருட்டுத்தனமாக வெளியே போனதில்லை.

அந்தப் பெண்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி என் மனைவி சீனியம்மாள். சாயங்காலம் வேலை விட்டதும் ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்ட வேண்டும். முதலில் சீனியம்மாளின் பையைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரி என்று விட்டுவிட்டான் என்ற பேச்சு வரக் கூடாது. அவளுடைய தூக்குச் சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பேன். "போகலாமா?" என்பாள். "போகலாம்" என்பேன். பெண்டாட்டிக்கு வாசலில் நின்று உத்தரவு கொடுக்கிற ஆம்பளை கொச்சியிலேயே நான் ஒருத்தன்தான் என்று மூக்கம்மாள் கேலி செய்வாள். அவர்களில் மூத்தவள் அவள், வாயும் நீளம்.

சனிக்கிழமை மட்டும் பைகள் கனக்கும். வாரக் கடைசியில் கிடங்குத் தரையைக் கூட்டினால் வருகிற தூசியும் நொறுங்கின மிளகும் கூட்டுகிற பெண்களுக்கே என்பது அங்கே பழைய வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புடைத்துச் சலித்து விற்றால் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காணும்.

எண்பத்தொன்றாம் வருஷம் என் மகள் பாக்கியலக்ஷ்மிக்குப் பதினாலு வயது. என் உயரம், அம்மாவின் பிடிவாதம். பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடினாள். லீவு நாளில் கிடங்கின் பின்சுவர்தான் அவளுக்கு எதிர் அணி. அடித்து அடித்துக் காரை பெயர்ந்தது. கணக்கப்பிள்ளை வெங்கிட்டு சத்தம் போட்டால் அன்றைக்கு மட்டும் நிறுத்துவாள். மார்ச் மாதம் கமலாக்ஷி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். பாக்கியத்தைப் பயிற்சி முகாமுக்கு எடுத்திருக்கிறார்களாம். திருச்சூரில் ஒரு மாதம். அங்கே நன்றாக ஆடினால் விளையாட்டு விடுதியில் இடம், படிப்பு, சாப்பாடு, எல்லாம். சந்தோஷத்தில் எனக்குப் பதினெட்டு எட்டு நடக்க வேண்டும் போல இருந்தது. வீட்டில் நாலு எட்டுக்குத்தான் இடம்.

செலவு எல்லாம் சேர்த்து நூற்றி நாற்பது ரூபாய். டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"மிலிட்டரிக்காரன்டெ குட்டிகளுக்கு உதவி உண்டு, சேட்டா. இவிடே ஒரு ஒப்பு போட்டா மதி. பின்னெ ஷூவுக்கும் பஸ்ஸுக்கும் அம்பது ரூபா, அது மாத்ரம் சேட்டன் தந்நா மதி" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

படிவம் மலையாளத்தில் இருந்தது. எனக்கு அந்த எழுத்து இன்றுவரை ஓடாது. பாக்கியம்தான் வாசித்தாள்.

"விமுக்தபடன்னா பழைய மிலிட்டரிக்காரன்ப்பா." எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதுக்குக் கீழே நிர்த்தனக் குடும்பம்னு இருக்கு. ரெண்டுக்கும் நேரே டிக் போடணும்."

அப்படியென்றால் என்ன என்றேன். கொஞ்சம் தயங்கினாள்.

"காசில்லாத வீடுன்னு அர்த்தம்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "எல்லையில துப்பாக்கி பிடிச்ச கை இது. பிச்சைக் கடுதாசியில கையெழுத்துப் போடாது" என்று படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். பணத்தை நானே புரட்டிக் கட்டுகிறேன் என்றும் சொன்னேன். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போதுதான் சொன்னார். "இருபத்தெட்டு, சனியாழ்ச, ஆறு மணி வரே நோக்காம். அது கழிஞ்சா வேறெ குட்டி போகும்." அந்தச் சனிக்கிழமை ஆறு மணி தாண்டினால் பாக்கியத்தின் இடம் வேறொரு பெண்ணுக்கு.

துண்டுகளைச் சீனியம்மாள் கூட்டி அள்ளினாள். அடுப்பில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

வாய்ச்சவடால் விட்டாயிற்று, பணத்துக்கு எங்கே போக? வெங்கிட்டுவிடம் முன்பணம் கேட்கலாம் என்று ஒருநாள் அவர் மேஜை வரைக்கும் போனேன். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். "மணி என்ன ஆச்சு சாமி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் கையில் கடிகாரம் இருந்தது. அந்தக் கடிகாரத்தையே பஜார் ரோட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பதுக்கு மேல் ஒரு சல்லி கிடையாது என்றான் கடைக்காரன். தூணுக்கும் தூணுக்கும் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். ஒரு கேலி இல்லை, சிரிப்பு இல்லை. மூக்கம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரிலும் இளையவளான சுல்ஃபத் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போலச் சீனியம்மாளின் பையை முதலில் வாங்கினேன். மேலே தூசி. கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை போனதும் விரலில் பட்டது தூசி இல்லை. முழு மிளகு, கெட்டி மணி, கப்பலுக்குப் போகிற முதல் தரம்.

பையைத் தரையில் கவிழ்த்தேன். அடுத்ததையும் கவிழ்த்தேன். ஆறு பையிலும் ஒரே கதை, மேலே நாலு விரல் தூசி, கீழே மிளகு.

"அண்ணே, அது வந்து..." என்று சுல்ஃபத் ஆரம்பித்தாள். மூக்கம்மாள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். சீனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெங்கிட்டுவைக் கூப்பிட்டேன். அவர் வந்து குவியலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பொண்டாட்டியையே பிடிச்சுக் குடுத்துட்டியே ஒச்சப்பா. பட்டாளம்னா பட்டாளம்தான்" என்றார். போலீசுக்குப் போகவில்லை. கப்பல் வருகிற சமயத்தில் ஆறு கைகளை இழக்க அவருக்கு மனசில்லை. ஆனால் இனிமேல் சனிக்கிழமைத் தூசியும் கிடங்குக்குத்தான் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ வருஷ வழக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு நான் தலை நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்தேன். சீனியம்மாள் பத்தடி பின்னால் வந்தாள்.

வீட்டு வாசலிலேயே பாக்கியம் நின்றிருந்தாள். என்னைத் தாண்டி அம்மாவிடம் ஓடினாள். "பணம் கிட்டிச்சாம்மா? இன்னைக்கு மிளகுத் தூசி வித்துத் தரேன்னு மூக்கம்மா அத்தை டீச்சர்கிட்ட பறஞ்சிருந்தாங்களே."

எனக்கு முதலில் புரியவில்லை. தூசி விற்று நூற்றி நாற்பது ரூபாய் எப்படி வரும்? வராது. அதனால்தான் தூசிக்கு அடியில் மிளகு. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா கிழிச்சிருப்பீங்க" என்றாள் சீனியம்மாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

திருட்டு திருட்டுதான். இன்றைக்கும் அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு வருஷம் ஒரு மணியைத் தொடாத பெண்களைத் திருட வைத்தது யார்? என் வீறாப்பு. அவர்களைப் பிடித்துக் கொடுத்தது யார்? அதுவும் நான்தான். இதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது, நடந்தும் அடங்கவில்லை. தினமும் சாயங்காலம் சீனியம்மாள் பையைத் திறந்து காட்டுவாள், மூடுவாள், போவாள். போகலாமா என்ற கேள்வி இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

புதன்கிழமை மறுபடி வெங்கிட்டு மேஜைக்குப் போனேன். இந்தத் தடவை மணி கேட்கவில்லை.

"சாமி, அந்த மிளகு என் மகளுக்காக எடுத்தது. குத்தம் என்னோடது. தூசியை அவங்களுக்கே திருப்பிக் குடுத்திருங்க."

அவர் பேனாவை மூடினார். "நீ சொன்னது என் காதில விழலை. இன்னொரு தரம் சொன்னா விழுந்துடும். அப்புறம் வாசல்ல வேற ஆள்தான் நிப்பான்."

திரும்பிவிட்டேன். அந்தத் தூசி பிறகு எந்தக் காலத்திலும் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. பாக்கியம் காலையிலிருந்து பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். தொம், தொம் என்ற சத்தம் கிடங்கைத் தாண்டி வாசலுக்குக் கேட்டது. என் எட்டுகூட அந்தத் தாளத்துக்குத்தான் விழுந்தது. மூணு மணிக்குச் சத்தம் நின்றது. நிற்காமலே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்து மணிக்குப் பெண்கள் வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் வாசல் நடுவில் நின்றேன்.

"ஒரு வார்த்தை. பாக்கியம் போறதுக்கு எங்கிட்ட பணம் இல்ல. உங்க தூசி போனதும் என்னாலதான். இருந்தும் கேக்கறேன். குடுங்க" என்று கையை நீட்டினேன்.

யாரும் அதில் ஒன்றும் வைக்கவில்லை. மூக்கம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"கையை மடக்குங்க. முதல்ல பையைப் பாருங்க. அதுக்குத்தானே சம்பளம்?"

பையைத் திறந்து பிடித்தாள். தூக்குச் சட்டி, ஒரு துண்டு. துண்டின்மேல் மடித்த பத்து ரூபாய் நோட்டு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பார்த்தா மட்டும் போதுமா? வெளிய போகக் கூடாதது பையில இருந்தா எடுத்து வைக்கணும்ல?"

எடுத்தேன். அடுத்த பையிலும் ஒரு நோட்டு. அதற்கடுத்த பையிலும். சுல்ஃபத்தின் பையில் மேலே ஒன்றும் தெரியவில்லை. "அண்ணே, அன்னைக்கு மாதிரி நல்லா அடியில கை விட்டுப் பாருங்க" என்றாள். விட்டேன். மணிக்கட்டு வரை போனதும் கைக்குட்டையில் முடிந்த சில்லறை விரலில் பட்டது. எனக்குக் கண் மறைத்தது. கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்ல அன்றைக்குத் தூசியும் இல்லை.

"நீங்க கேக்காட்டியும் இன்னைக்கு இது பையில இருந்திருக்கும். கேட்டது நல்லதாப் போச்சு. இல்லேன்னா ஆயுசுக்கும் என் வாய்க்கு வேலை குடுத்திருப்பீங்க" என்றாள் மூக்கம்மாள்.

ஐந்து பை முடிந்தது. கையில் ஐம்பது ரூபாய்க்கு ஒன்றிரண்டு குறைவாக இருந்தது, குறைந்த அந்த ஒன்றிரண்டு ரூபாய் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் வெறும் ஐம்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மீதிக்கு வழி அந்தப் படிவம். அதைத்தான் நான் நாலாகக் கிழித்திருந்தேனே.

எப்போதும் முதலில் வருகிற சீனியம்மாள் அன்றைக்குக் கடைசியில் நின்றாள். பையைத் திறந்தாள். உள்ளே பணம் இல்லை. பழைய காலண்டர் அட்டைமேல் அந்தப் படிவம் இருந்தது. நாலு துண்டும் கஞ்சிப் பசையில் ஒட்டி, காய்ந்து விறைத்திருந்தது. எங்கெங்கே டிக் போட வேண்டும், எங்கே கையெழுத்து என்று பாக்கியம் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள்.

ஏழு வருஷமாகச் சும்மா கிடந்த ஸ்டூலின்மேல் அதை விரித்துக் குனிந்தேன். கேட் நோட்டில் எழுதுகிற பேனாவால் பட்டாளத்துக்கு நேரே ஒரு டிக் போட்டேன். அதற்குக் கீழே இருந்ததற்கு நேரேயும் போட்டேன். பிறகு என் பெயரை முழுசாக எழுதி, பணத்தோடு சேர்த்து அவள் பையிலேயே வைத்தேன்.

சீனியம்மாள் பையை மூடினாள். அப்புறம் நிமிர்ந்து, "போகலாமா?" என்று கேட்டாள்.

"ஓடு" என்றேன்.