எச்.பி.வி.யை நான் திருத்திய கதை

1

இந்தக் கதை என் சிவப்புப் பேனாவில் பிறந்தது, வாசகரே. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நான் ஸ்ரீவர்தன், சின்ன காஞ்சிபுரத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வருஷம் 2008. பக்கத்துத் தெரு நெசவாளி திருஞானசம்பந்தம், தொண்டைக் கட்டியில் சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லச் சொன்னார். கூடவே மனைவி கமலவேணி. நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டில் ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்றிருந்தது. டைப் அடித்தவன் தப்புப் பண்ணிவிட்டான் என்று நினைத்து, ‘பி’யை அடித்து மேலே ‘ஐ’ என்று எழுதினேன். எச்.ஐ.வி. என்று படித்தும் சொல்லிவிட்டேன்.

அறப்படித்த மூஞ்சூறு கழனிப்பானையில் விழுந்ததாம். நானேதான்.

2

(முதலில் எழுதிய ஆரம்பம்: ‘விடிகாலைத் தறிச்சத்தத்தில் ஊர் கண்விழித்...’ சீ, இது எதற்கு? அடித்துவிட்டேன்.)

“பஸ் ஸ்டாண்டு செவுத்துல போட்டுக்கிறாங்களே, அந்த எய்ட்ஸா சார்?” என்றார் கமலவேணி.

“அதுதாம்மா.”

அப்போது அவர் புருஷனைப் பார்த்த பார்வை

(எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

மறுநாளே கமலவேணி ஐயம்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கரண்ட் வைத்துக்கொள்ள* வரமாட்டேன் என்று சம்பந்தம் தறியில் உட்கார்ந்துவிட்டார். “சாவறவனுக்கு கரண்ட்டு ஒரு கேடா சார்?”

* கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எங்கள் ஊரில் இதுதான் பெயர்.

3

மனசு கேட்காமல் மெட்ராஸுக்குப் போய், சம்பந்தத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். எச்.பி.வி. வேறு கிருமியாம், எய்ட்ஸ் இல்லையாம். எத்தனையோ பேருக்கு வந்து, தெரியாமலே போய்விடுமாம்; சிலருக்குத்தான் வருஷக்கணக்கில் தொண்டையில் தங்கிப் புற்றுக்கட்டியாகுமாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். பாசிட்டிவ் என்று வந்த கட்டிதான் கரண்ட்டுக்கு நன்றாகக் கேட்குமாம்.

“அப்போ பிழைச்சுடுவாரா?”

“வாய்ப்பு அதிகம்னு ஆராய்ச்சி சொல்லுது. இவருக்கு எப்படின்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா தள்ளிப்போடாதீங்க.”

கிருமி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கஷ்டம். இப்படியும் ஒரு நோயா, ராமா!

4

ஓடிப்போய்ச் சொன்னேன். சம்பந்தம் நம்பவில்லை.

“ஆறுதலுக்கு சொல்றீங்க. போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு. எதை சார் நம்பறது?”

நியாயம்தானே.

முடிவு அ: கமலவேணி திரும்புகிறார், கட்டி கரைகிறது. (ஆசைதான். நான் எழுதினால் நடந்துவிடுமா?)

முடிவு ஆ: (மாட்டேன்.)

5

வாசகரே என்று சும்மா சொன்னேன். இதற்கு வாசகர்கள் இரண்டே பேர். ஒரு பிரதி சம்பந்தத்துக்கு, ஒரு பிரதி ஐயம்பேட்டைக்கு. டாக்டரம்மா தமிழில் கைப்பட எழுதிய சீட்டும் உள்ளே இருக்கிறது. என்னை நம்ப வேண்டாம், அதை நம்புங்கள்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணாதவர் என்று எழுதலாம்தான். எனக்குத் தெரியாது. அந்த ரிப்போர்ட்டுக்கும் தெரியாது. தப்புப் பண்ணினது நான். அது மட்டும் நிச்சயம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி மெட்ராஸ் பஸ். நான் வந்து நிற்பேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து திட்டுங்கள். ஆனால் வாருங்கள்.