பூநாரைக்கு ஒரு லென்ஸ்

பர்மா பஜாரில் அமீர் ஜானின் கடைக்கு முன்னால் நின்றபடி, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த காகம் ஒன்றைக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தான் கௌஸ் மைதீன்.

"வாய் தொறந்தா உள்நாக்கு தெரியுது பரீதா," என்றான். குரல் குழைந்து போயிருந்தது.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி பரீதாவுக்கு வேறு வேலை இருந்தது. கடைப் பெட்டியில் இருந்த மற்ற லென்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அமீர் ஜானின் டார்ச்சை அடித்துப் பின்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றின் உள்ளே சிலந்தி நூல் போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். "பூஞ்சணம் பிடிச்சிக்கீது அண்ணே," என்று அதை ஒதுக்கி வைத்தாள். அமீர் ஜான் அவளுடைய பெரியம்மா மகன். கப்பலில் வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் பொருள்களை வாங்கி விற்பவர். தங்கை டார்ச் அடித்துப் பார்ப்பதில் அவருக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.

பழவேற்காட்டில் கௌஸ் மைதீனும் பரீதாவும் ஸ்டுடியோ நடத்தினார்கள். கல்யாணம், பாஸ்போர்ட், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் அவன் எடுப்பான். ஸ்டுடியோவுக்கு வராத பெண்களை வீட்டுக்கே போய்ப் படம் எடுப்பது அவள். இருட்டறை முழுக்க அவள் பொறுப்பு. பிழைப்பு அதில் ஓடியது. ஆனால் மார்கழி பிறந்து பூநாரைகள் ஏரியில் இறங்கிவிட்டால் கௌஸ் மைதீனுக்கு ஸ்டுடியோவில் இருப்புக் கொள்ளாது. படகு பிடித்துப் போய் எடுத்துவருவான். கழுவிப் பார்த்தால் ஏரி இருக்கும், வானம் இருக்கும், நடுவில் உப்புக்கல் சிதறின மாதிரி சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவ்வளவுதான். கொஞ்சம் கிட்டே போனால் பறந்துவிடும். மூன்று வருஷமாக இதே கதை. இந்த எண்பத்து நான்காம் வருஷம் எப்படியாவது ஒரு லென்ஸ் வாங்கிவிடுவது என்று இருவரும் பொன்னேரியில் ரயில் ஏறி வந்திருந்தார்கள்.

அவர்களிடம் இருந்தது மரையில் லென்சைத் திருகி மாட்டும் பழைய பென்டாக்ஸ் கேமரா. அதற்குப் பொருந்துகிற, அவர்கள் கைக்கு எட்டுகிற லென்ஸ் இரண்டே இரண்டுதான் தேறின. ஒன்று கௌஸ் கையில் இருந்த ஐந்நூறு எம்.எம். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆடி வைத்த வகை. டால்டா டப்பா போலக் குட்டையாக, குண்டாக இருக்கும். இன்னொன்று எண்பதிலிருந்து இருநூறு வரை போகிற ஜூம். மேலே உள்ள வளையத்தைத் தன் பக்கம் இழுத்தால் பார்ப்பது கிட்டே வரும், முன்னால் தள்ளினால் விலகிப் போகும். வளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. லென்சை மேலே நிமிர்த்தினால் தானாகவே பின்னால் சரிந்தது.

பரீதா ஜூமை மாட்டிக் கோபுரத்தைப் பார்த்தாள். முதலில் கோபுரம் முழுதும், பிறகு அதன் கலசம், பிறகு காகம். காகம் சின்னதாகத்தான் இருந்தது.

"இது எதுக்கு? பாதிகூட வரல," என்றான் கௌஸ்.

"அதுல வெளிச்சம் கம்மியா இருக்குதுங்க. வெளிச்சம் உள்ள விடுற வாய் எட்டுலயே நிக்குது, தொறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. விடியகாலைல இன்னா பண்ணுவீங்க?"

"வெயில் வர்ற வரைக்கும் இருப்போம்."

அமீர் ஜான் சிரித்தார். "மச்சான், ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. ஏரில வச்சிப் பாருங்க. எது வேணும்னு தோணுதோ அத வச்சிக்கினு இன்னொண்ண அடுத்த வெள்ளிக்கெழம கொண்டாந்து குடுங்க. ஒண்ணு மட்டும், தண்ணில போட்டுடாதீங்க."

*

தோணிரேவு குப்பத்துச் சுப்பராயலுவின் படகில் முதல் நாள் போனார்கள். சுப்பராயலு ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். பூநாரை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, தன் வலையை எடுக்கிற நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

ஐந்நூறு எம்.எம். லென்சைக் கௌஸ் தன் மடியில் குழந்தையை வைத்திருப்பது போல் வைத்திருந்தான். பறவைகள் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததும் கண்ணில் வைத்தான். வைத்தவன் "யா அல்லாஹ்" என்றான். வெறும் கோடாக இருந்தது, இப்போது கழுத்துகளும் அலகுகளுமாக இருந்தது. ஆனால் அந்தக் கழுத்துகள் ஒரு நொடிகூட கேமராவின் கட்டத்துக்குள் நிற்கவில்லை. படகு மூச்சு விடுவது போல் லேசாக ஏறி இறங்க, பறவை மேலே போயிற்று, கீழே போயிற்று, காணாமல் போயிற்று. தேடிப் பிடித்தால் மறுபடி போயிற்று.

"அண்ணே, படக அசையாம நிறுத்த முடியாதா?"

"நான் நிறுத்திடுவேன் பாய். ஏரி நிக்கணுமே," என்றார் சுப்பராயலு.

வெயில் ஏறும் வரை காத்திருந்து ஒரு ரோலை எடுத்துத் தீர்த்தான். மத்தியானம் பரீதா கழுவினாள். பழவேற்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பிலிமில் படிந்துவிடும். அதற்கென்று நல்ல தண்ணீர் ஒரு குடம் எப்போதும் தனியாக வைத்திருப்பாள். குடம் காலியானதுதான் மிச்சம். எல்லாம் கலங்கல். ஒன்றிரண்டில் பறவை என்று சொல்லும்படி இருந்தது, ஆனால் பின்னால் தண்ணீரில் மின்னிய வெயில் எல்லாம் வளையம் வளையமாக விழுந்திருந்தது. ஏரி முழுக்க யாரோ வளையல் கொட்டின மாதிரி.

கௌஸ் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "ரெண்டையும் திருப்பிக் குடுத்துடலாம். இது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இல்ல. பெரிய கேமரா, பெரிய ஸ்டாண்டு, அப்படி வர்றவங்களுக்குத்தான்."

"இன்னொண்ணு இன்னும் பாக்கவே இல்லையே."

"அதுல எப்படி வரும்? ரொம்பக் கிட்டப் போவணும். போனா பறந்துடும்."

பரீதா பிலிமைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "நாம போனாதானே பறக்கும். அது வந்தா?"

*

சுப்பராயலுவின் வலைகள் ஏரியின் உட்பகுதியில், வரிசையாக நட்ட கம்புகளில் கட்டியிருந்தன. அதற்கு அப்பால் ஒரு மேட்டுத் தரை. முழங்கால் அளவுத் தண்ணீர். காலையில் பூநாரைகள் அந்தப் பக்கமாக மேய்ந்துகொண்டு வரும் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் யாரும் அங்கே இறங்கி நின்றதில்லை, நிற்க வேண்டிய தேவை என்ன?

மறுநாள் விடியும்போது இருவரும் அங்கே இறங்கினார்கள். சுப்பராயலு முதலில் கழியால் குத்திப் பார்த்தார். "மணல்தான் பாயம்மா. பயப்படாதீங்க. நான் வலைய எடுத்துக்கினு வந்துர்றேன்," என்று படகைத் தள்ளிக்கொண்டு விலகிப் போனார்.

தண்ணீர் சில்லென்றிருந்தது. பரீதா மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, மேட்டை ஒட்டி நின்ற கடைசி வலைக்கம்பில் சாய்ந்து நின்றாள். கழுத்தில் கேமரா, அதில் ஜூம். பக்கத்துக் கம்பில் கௌஸ். பையை நெஞ்சோடு அணைத்திருந்தான், உள்ளே ஐந்நூறு எம்.எம்.  கால் விரல்களுக்கு இடையில் சின்ன மீன்கள் வந்து தொட்டுவிட்டுப் போயின.

சூரியன் எழுந்தது. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து வெளிச்சம் தண்ணீர்மேல் நடந்து வந்தது. அந்த வெளிச்சத்தோடுதான் அவை வந்தன.

முதலில் சத்தம் கேட்டது. வாத்துக் கூட்டம் தூரத்தில் முணுமுணுப்பது போல ஒரு சத்தம். பிறகு கால்கள். இவ்வளவு நீளமான, இவ்வளவு மெலிந்த கால்கள் ஒரு உடம்பைத் தாங்கும் என்று பார்க்காதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எல்லாப் பறவைகளும் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமும் அலசிக்கொண்டு, தரையைப் பெருக்கிக்கொண்டு வருகிறவர்களைப் போல வந்தன. முன்னால் இருபது முப்பது. அவற்றின் பின்னால் எண்ண முடியாத அளவு.

பரீதா வளையத்தை மெல்ல இழுத்தாள். ஒரு பறவை அவளுக்கு அருகில் வந்தது. அது தலையைத் தூக்கியது. கறுத்த நுனியுள்ள அலகிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதன் கண் அவளைப் பார்த்தது. வெளிறிய மஞ்சள் கண். அதில் பயம் இல்லை, ஆர்வமும் இல்லை. அவளும் ஒரு கம்பு, அவ்வளவுதான். பார்த்துவிட்டு மறுபடி தலையை உள்ளே விட்டது. அவள் அழுத்தினாள். ஷட்டர் சத்தம் அவளுக்கே இடி போலக் கேட்டது. பறவை அசையவில்லை.

 கௌஸ் கம்போடு கம்பாக நின்றான். பறவைகள் அவனுக்கும் அவளுக்கும் நடுவில்கூட நடந்தன. ஒன்றின் சிறகு நுனி அவன் பையை உரசிவிட்டுப் போயிற்று. பதினைந்து வருஷமாக அவன் மனிதர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மோவாயை நிமிர்த்தி, "அசையாதீங்க" என்று சொல்லி வந்தவன். இன்று அந்தச் சொல்லைத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று பிற்பாடு இருவராலும் சொல்ல முடியவில்லை.

திடீரென்று முணுமுணுப்பு நின்றது. எல்லாத் தலைகளும் ஒன்றாக எழுந்தன. மேலே ஒரு கடற்கழுகு அகன்ற சிறகோடு அசையாமல் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் ஒரு ஓரம் ஓட ஆரம்பித்தது. பிறகு எல்லாமே ஓடின. தண்ணீர்மேல் கால் வைத்து ஓடி, கழுத்தை ஈட்டி போல் நீட்டி, சிறகை விரித்து எழுந்தன. விரித்தபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. வெள்ளையாக நின்ற பறவைக்குள் இவ்வளவு சிவப்பும் இவ்வளவு கறுப்பும் மூடி வைத்திருந்ததா? அவர்கள் முகத்தில் தண்ணீர் தெறித்தது. காற்று அடித்தது. சத்தத்தில் காது அடைத்தது. ஏரி எழுந்து போவது போல் இருந்தது.

பரீதாவின் கட்டத்துக்குள் ஒரு சிறகுதான் இருந்தது. ஒரு சிறகு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் வளையத்தை முன்னால் தள்ளினாள். ஒரு பறவை ஆயிற்று, பத்து ஆயிற்று, நூறு ஆயிற்று, முழு வானமும் வந்து உள்ளே நின்றது. தளர்ந்த வளையம் பின்னால் சரியப் பார்த்தது. விரலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பிலிமை நகர்த்தி மறுபடி அழுத்தினாள். மூன்றாவது முறை நகர்த்தும்போது நெம்புகோல் நின்றுவிட்டது. ரோல் முடிந்திருந்தது.

கேமராவை இறக்கினாள். பறவைகள் இன்னும் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தன. அவற்றின் நிழல்கள் தண்ணீர்மேலும் அவள் துப்பட்டிமேலும் ஓடின.

"சுப்ஹானல்லாஹ்," என்றான் கௌஸ். உரக்கச் சொல்ல நினைத்தான், மூச்சுதான் வந்தது. அவன் கண்கள் ஈரமாக இருந்ததை அவள் பார்த்தாள். தூரத்தில் படகில் சுப்பராயலு பாதி இழுத்த வலையைக் கையில் பிடித்தபடி, அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

கரைக்குத் திரும்பும் வழியில் கௌஸ் பையைத் திறந்து ஐந்நூறு எம்.எம்.மை ஒரு முறை எடுத்துப் பார்த்தான். துணியால் சுற்றி மறுபடி உள்ளே வைத்தான்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் வச்சிக்க வேணாம். நாளைக்கே அண்ணன்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன்," என்றான்.

"நெசமாவா? காக்கா உள்நாக்கு தெரிஞ்சிதே?"

"காக்காவ நம்ம ஊர்ல வெறும் கண்ணாலயே பாக்கலாம்."

பரீதா சிரித்துவிட்டாள். சுப்பராயலு எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார்.

*

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் கிடந்த பெரிய காகிதத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பரீதா தட்டை மெல்ல ஆட்டினாள். ஒரு சாம்பல் கறை. அது ஒரு சிறகாயிற்று. பிறகு காகிதத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, ஒன்றன்மேல் ஒன்றாக, சிறகு சிறகாக எழுந்து வந்தன. காலையில் பார்த்தது அத்தனையும் ஒரே நொடியில் நடந்தது. இங்கே நிதானமாக, ஒவ்வொன்றாக, மறுபடி நடந்தது. கௌஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். 

"இங்க பாருங்க," என்று அவள் கீழ் ஓரத்தைக் காட்டினாள். அங்கே, தண்ணீர் முடிகிற இடத்தில், விரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு படகு. அதில் ஒரு மனிதர் வலையைப் பிடித்து நின்றிருந்தார். எடுக்கும்போது அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. வளையத்தை முன்னால் தள்ளியதில் அவரும் வந்துவிட்டிருந்தார்.

படம் கறுப்பு வெள்ளைதான். கல்யாணப் படங்களுக்குச் சேலை நிறமும் உதட்டுச் சிவப்பும் தீட்டுகிற மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். சிறகுகளின் அடிப்பக்கம் மட்டும் ரோஸ் வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. அது முடியச் சில நாள் ஆயிற்று. அதற்குள் கௌஸ் பட்டணம் போய்த் திரும்பிவிட்டான். அமீர் ஜான் லென்சை வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தச் சின்னதுதான் புடிச்சிதா?" என்று ஆச்சரியப்பட்டாராம்.

படத்துக்குச் சட்டம் போட்டு, ஸ்டுடியோவின் முன் கண்ணாடியில் இருந்த மாப்பிள்ளைப் படத்தை எடுத்துவிட்டு அங்கே வைத்தார்கள். மீன் விற்கப் போகிறவர்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். திருப்பாலைவனம் பஸ்ஸை ஒருத்தர் தவறவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலு தன் மனைவி பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தான் படத்தில் இருப்பது தெரியாது. பரீதா கண்ணாடிமேல் விரலை வைத்துக் காட்டினாள்.

சுப்பராயலு குனிந்தார். நெற்றி கண்ணாடியில் முட்டியது. வெகுநேரம் எழவில்லை.

"இது நானா?" என்றார்.

"நீங்கதாண்ணே."

"இம்மாத்துண்டு இருக்குறனே."

பச்சையம்மா அவரை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். படகைப் பார்த்தாள், படகிலிருந்து மேலே, மேலே, சட்டம் முடிகிற வரைக்கும் பார்த்தாள். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். பூநாரை அவளுக்குப் புதிது இல்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ பெருசுக்குக் கீழயா நீ தெனம் போய்ட்டு வர்ற?"

 சுப்பராயலு மறுபடியும் குனிந்து பார்த்தார்.