துவைக்கும் அறைக்கு வந்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் மனைவிமேல் சந்தேகம் எதுவும் கிடையாது. அதை அவர் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சந்தேகமாக இருந்திருந்தால் கேட்டுத் தீர்த்திருக்கலாம். அவருக்கு வந்தது வெறும் வயிற்றெரிச்சல். அதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. உடைந்த நாற்காலி, காய்ந்துபோன பெயிண்ட் டப்பா, யாரும் ஓட்டாத சைக்கிள் என்று இடமில்லாததெல்லாம் அங்கே போய்ச் சேரும். சலவை மெஷினோ குளியலறையில், கதவைப் பாதிதான் திறக்க முடிகிற மூலையில் நின்றது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் போட்ட உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்கவே கூடாது என்பதில் கறாராக இருப்பாள். மகள் கால்பந்து ஆடுகிறவள். அரை மைதானத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். ஆக, துணி வாளியில் ஊறும், நாற்காலி முதுகில் தொங்கும், சோபாவில் மலையாகக் குவியும். யாராவது வந்தால் மலை அப்படியே படுக்கையறைக்குக் குடிபோகும்.

"பின்னாடி ரூமை ஒழிச்சு, துவைக்கிறதுக்குன்னே வச்சுக்கலாங்க" என்று மனைவி சொன்னபோது அவர் உடனே தலையாட்டினார். வீடுகளுக்கு உள்ளறை அமைத்துத் தருகிற ஒரு டிசைனரைப் பற்றிக் கூட வேலை பார்க்கிற நர்ஸ் சொல்லியிருந்தாள். "அவரையே கூப்பிடு" என்றார். தன் வாயாலேயேதான் சொன்னார்.

டிசைனர் ஒரு விடுமுறை நாளில் காலையில் வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் நரை. செருப்பை ஜோடி சேர்த்து வாசலோரம் விட்டார். அளவெடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் கடைக்காரர் நினைத்தார். வந்தவர் டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"அளவெல்லாம் அப்புறம் மேடம். நீங்க வழக்கமா எப்படித் துவைப்பீங்களோ, அதே மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். பிறகு செய்தே காட்டினாள். டிசைனர் அவள் பின்னாலேயே படுக்கையறை வாசலுக்கும் குளியலறைக்கும் கொடிக்கும் நடந்தார். கடைக்காரர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தார்.

"அழுக்குத்துணி முதல்ல எங்க விழுது?"

"எங்க வேணாலும் விழும் சார். கூடைன்னு ஒண்ணு இருக்கிறதே எம் பொண்ணுக்குத் தெரியாது."

"ஈரத்துணிய வெளிய எடுக்கிறப்ப எங்க வலிக்குது?"

அவள் குரல் தணிந்து வந்தது. "இடுப்புல. இடது பக்கம். சில நாள் கால் வரைக்கும் இழுக்கும்."

"ரொம்ப நாளாவா?"

"பொண்ணு பிறந்ததுலேருந்து."

கடைக்காரர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகிற வயது. கடையில் நாளெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் 'இது தெளிவா இருக்கா, அதுவா' என்று கேட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு, சொந்த வீட்டில் ஒரு வலி இருப்பது தெரியவில்லை. எவனோ ஒருவன் வந்து ஒரு வாளித் துணி துவைக்கிற நேரத்தில் அதைக் கேட்டு வாங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் 'அவர் சொன்னார்' ஆரம்பித்தது. மெஷினை ஒரு மேடைமேல் ஏற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். கூடை ஒன்றல்ல, மூன்று வேண்டும், அதில் ஒன்று வார்டு உடுப்புக்கு மட்டும், மூடியோடு என்று அவர் சொன்னார். துணி மடிக்கிற மேசை அவளுடைய முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். யாருடைய முழங்கை எந்த உயரத்தில் இருந்தால் அவனுக்கென்ன என்று கடைக்காரருக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவள் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"சார் ஒரு படம் அனுப்பிருக்கார்."

அவர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் குழாய் ஒன்றின் வாயில் ஒற்றைக் காலுறை அடைத்துக்கொண்டு, நாக்கு நீட்டுவதுபோல் தொங்கியது. நல்ல வேடிக்கையான படம்தான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சார் சார்னு எதுக்கு? தம்பின்னு கூப்பிடலாம்ல?"

"அவர் உங்களவிடப் பெரியவர்ங்க" என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பகல் டியூட்டி. மகள் விளையாடப் போய்விட்டாள். கடைக்காரர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தார். துவைப்பதில் அந்த டிசைனருக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் தனக்கும் தெரிந்தாக வேண்டும் என்ற வெறி. அகப்பட்ட துணியையெல்லாம் அள்ளித் திணித்தார். அலமாரியிலிருந்து சோப்புத்தூளை எடுக்கும்போது மூடி கழன்று பாதித் தூள் மெஷின் தலையிலும் மீதி அவர் தலையிலும் கொட்டியது. கழுவப்போய்த் தரையெல்லாம் நுரை. ஈரத்துணியை வெளியே இழுத்தபோது குனிந்த முதுகு நிமிர மறுத்தது. நிமிர்ந்ததும் கையில் இருந்ததைப் பார்த்தார். மனைவியின் வெள்ளை உடுப்பு. மகளுடைய சிவப்பு விளையாட்டுச் சட்டையோடு சேர்ந்து, அது கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தது.

அவள் வந்து கொடியைப் பார்த்தாள். உடுப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யாரு உங்களத் துவைக்கச் சொன்னது?"

"ஏன், நான் தொடக்கூடாதா? அவர் மட்டும்தான் தொடணுமா?"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் உடுப்பை மெதுவாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஓ, இதுதான் விஷயமா. நானும் பாக்குறேன், ரெண்டு வாரமா மூஞ்சி ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"இடுப்பு வலின்னு அவன்கிட்ட சொல்ற. எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

"சொல்லலையா? எத்தன தடவை சொன்னேன். தைலம் வாங்கிட்டு வந்து மேசைல வச்சீங்க. வச்சிட்டு டிவி பாக்கப் போயிட்டீங்க. அதோட உங்களுக்கு வலி தீந்துபோச்சு."

தைலம் வாங்கியது அவருக்கு நினைவிருந்தது. தலைவலிக்கு என்று நினைத்து வாங்கினார். அதை இப்போது சொன்னால் இன்னும் மோசமாகும் என்று பேசாமல் இருந்தார். அன்று மாலை கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக இரண்டு உடுப்பு வாங்கிவந்தார். அளவு சரியாக இல்லை. அவளே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

டிசைனர் வரைபடத்தோடு வந்தபோது கடைக்காரர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்கிறது, ஓடு ஏன் சாம்பல் நிறம், காற்றாடி ஏன் அந்தச் சுவரில் என்று ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்தார். டிசைனர் கோபப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகக் காரணம் சொன்னார். கடைசியாக அலமாரிக்கு வந்தார்கள். கடைக்காரர் படத்தில் விரல் வைத்தார்.

"சோப்புத்தூள மெஷினுக்கு நேர் மேல வச்சிருக்கீங்க. மூடி கழண்டா மொத்தமும் மெஷின்மேல கொட்டும். பக்கவாட்டுல, கண்ணுக்குத் தெரியிற உயரத்துல வைக்கணும்."

டிசைனர் படத்தைப் பார்த்தார். "ஆமா சார். இது நான் யோசிக்கல. மாத்திடுறேன்."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது அவருக்கு ஒரு படி தேன் குடித்ததுபோல் இருந்தது. அந்தத் தெம்பில் இன்னொன்றும் கேட்டுவைத்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படி இவ்வளவு தெரியும்? வீட்டுல சம்சாரம் துவைக்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பீங்களோ?"

"சம்சாரம் இல்லை சார். அம்மா படுக்கையில இருக்காங்க. தினமும் விரிப்பு மாத்தணும். நான்தான் துவைக்கிறேன். என் இடுப்பு போன பிறகுதான் இந்தக் கேள்வியெல்லாம் கேக்கவே தோணுச்சு."

எதிராளி கெட்டவனாக இருந்தால் வெறுப்பதற்கு ஒரு வசதி உண்டு. இந்த ஆள் அதையும் விட்டுவைக்கவில்லை. டிசைனர் கிளம்பும்போது, பழக்கமில்லாத வேலையாக, வாசல்வரை போய் வழியனுப்பினார். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். திரும்பி வரும்போது பொறாமை குறைந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். கூடியிருந்தது.

அறை கட்டி முடிந்தது. ஒரு சுவரோரம் மேடைமேல் மெஷின், பக்கத்தில் துணி மடிக்கும் மேசை, அதன் அடியில் மூன்று கூடைகள், ஜன்னலோரம் இழுத்துவிடுகிற கொடி. தரையில் சிந்துகிற தண்ணீர் தானாக மூலைக்கு ஓடியது. கூடத்து சோபா எந்த நிறம் என்பது வெகுநாள் கழித்து எல்லாருக்கும் தெரியவந்தது. மகள்கூடக் கூடையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் டிசைனருடைய போனும் நின்றது. அவர் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். கடைக்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். ஆனால் வீடு சப்பென்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது மனைவி பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாததுபோல் சாப்பிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள். முன்பும் இப்படித்தான் இருந்தாளா என்று யோசித்தார். இப்படித்தான் இருந்திருக்கிறாள். நடுவில் கொஞ்ச நாள் அவள் பேசியதைக் கேட்டதால்தான் இந்த மௌனம் இப்போது காதில் விழுந்தது.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போனார். ஒரு துண்டை எடுத்து அவரும் மடித்தார். கோணலாக வந்தது.

"இன்னைக்கு வார்டுல என்ன நடந்துச்சு?"

அவள் கையை நிறுத்தினாள். "ஏன்? என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம். சும்மா கேட்டேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மடித்த துண்டை உதறிப் பிரித்து, விளிம்போடு விளிம்பைச் சேர்த்து மடித்துக் காட்டினாள். அடுத்த துண்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு பாட்டி வந்திருக்குங்க. கால் உடைஞ்சு. பல்செட்டைக் கழட்டித் தரமாட்டேங்குது. தந்தா எதிர் பெட்காரி எடுத்து மாட்டிக்குவாளாம்."

"அது எப்படி அவளுக்குப் பொருந்தும்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா..."

அவர் துண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.