இரண்டாவது கண்காணிப்பாளர்

பட்டாளத்தில் துப்பாக்கியைத் தொலைத்தவன்கூட எப்படியாவது தப்பித்துவிடலாம். அஞ்சல்வழித் தேர்வின் கேள்வித்தாளில் கை வைத்தவனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. எங்கள் முகாமில் சமையல்கூடத்துப் பூனைக்கும் இது தெரியும்.

பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். வேலை முடிந்த பிறகு அவரவர் படித்துக்கொள்ள வேண்டும். தேர்வை மட்டும் முகாமிலேயே, கண்காணிப்பில் எழுத வேண்டும். கேள்வித்தாள் அரக்கு முத்திரை வைத்த உறையில் வந்து கேப்டனின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். தேர்வன்று இரண்டு கண்காணிப்பாளர்கள் இருக்க வேண்டும். முத்திரை உடையவில்லை என்று எழுதுகிறவர்களிடம் காட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அதே தாளை அன்று மாலை வேறு முகாம்களிலும் எழுதுவார்கள் என்பதால், பிரித்த பிறகு யாரும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அவசரம் என்றால் இரண்டாவது கண்காணிப்பாளர் கூடவே போய்க் கழிப்பறைக் கதவருகே நின்று திரும்ப அழைத்து வருவார். யாராவது தனியாக வெளியே கால் வைத்தாலோ, வெளியே போய்க் கேள்வியைப் பற்றிப் பேசினாலோ அந்த அறை முழுவதற்கும் தேர்வு ரத்து. போனவருக்கு மட்டுமில்லை, உட்கார்ந்திருந்தவர்களுக்கும்தான். ஒருத்தர் தும்மினால் எல்லோருக்கும் ஜலதோஷம் என்பார் கேப்டன்.

நான் கிடங்கு சார்ஜென்ட். கம்பளி, பூட்ஸ், கூடாரக் கயிறு, அண்டா, எதைக் கேட்டாலும் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அஞ்சல்வழியில் படிக்கும் கிடங்கு மேலாண்மைப் படிப்பில் தேறினால்தான் அடுத்த பதவி. அதற்கு வயது வரம்பு உண்டு. அந்த முறை எழுதுவதுதான் எனக்குக் கடைசி. தேறினால் பட்டாளத்தில் இருப்பேன், தேறாவிட்டால் என் பணிக்காலம் முடிந்து சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் என்ன குறை என்று சிலர் கேட்பார்கள். காலையில் கிடங்குக் கதவைத் திறக்கும்போது நான் யார் என்று எனக்குத் தெரிந்தது. அது போதாதா?

முகாமில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிட்ட சின்னப் பெண்ணும் அதே படிப்பில்தான் சேர்ந்திருந்தாள். பணி ஒதுக்கும் அலுவலகத்தில் எழுத்தர். முகாமுக்கு வந்த அன்று, இரண்டு கால்களையும் ஒரே பூட்ஸில் விட்டுவிடலாம் போலத் தொளதொளவென்று நடந்து வந்தாள். கிடங்கையே புரட்டி அவள் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து 'அக்கா, அக்கா' என்று ஒட்டிக்கொண்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்தக் கூப்பாடு தேனாக இருந்தது. என் குடியிருப்பில் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருவரும் படித்தோம். படித்தோம் என்ன, நான் படித்தேன், அவள் கொட்டாவி விட்டாள். ஒவ்வொரு பாடத்தையும் வாய்விட்டுப் படித்து, அவளைக் கேள்வி கேட்டு, தெரியாததை மறுபடியும் சொல்லிக்கொடுத்தேன்.

"நீ பரிட்சை எழுதப் போறியா, பரிட்சை வைக்கப் போறியா?" என்று என் கணவர் கேட்பார்.

"ரெண்டும்தான். சின்னப் பொண்ணு, யார் சொல்லித் தருவா?"

"சீக்கிரம் முடிங்க. பட்டாளத்தை விட்டு நீ வீட்டுக்கு வந்தா நான் நிம்மதியா தூங்குவேன்" என்று அவர் கிண்டலடிப்பார். பொடிசு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தேர்வு நாளும் வந்தது. ஆயுதக் கிடங்குக்குப் பக்கத்து வகுப்பறை. சுவரில் தொங்கிய வரைபடங்களைக்கூட வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். எழுதுகிறவர்கள் மூன்று பேர். நான், பொடிசு, சமையல்கூடத்துத் தலைவர். அவரை எல்லோரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆயிரம் பேருக்கு உலை வைக்கப் பயப்படாத மனிதர், பேனாவைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டினார்.

இரண்டாவது கண்காணிப்பாளராக வர வேண்டியவர் மருத்துவப் பிரிவின் ஊசிக்காரர். நேரம் நெருங்கியும் ஆளைக் காணவில்லை. கேப்டன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். எங்கள் முகாமுக்குக் குறித்த நேரத்தில் உறையைப் பிரித்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது.

"சார், அவர் கிளம்பிட்டாராம். இதோ வந்துடுவார். ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள் பொடிசு.

கேப்டன் நம்பினார். முத்திரையைக் காட்டிவிட்டு உறையைப் பிரித்தார்.

கேள்விகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஈரம் ஏறிய கிடங்கைப் பொறுப்பேற்கும்போது முதலில் எதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று என்னிடமா கேட்பது? அந்த வேலையை மழைக்காலம் தவறாமல் செய்து கை மரத்துப் போனவள் நான். பேனா ஓடிய ஓட்டத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை. இந்தப் பதவி எனக்குத்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.

அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது. பொடிசு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உட்காரு! கூட வர ஆள் வரட்டும், பொறு!" என்று கேப்டன் கத்தினார்.

அவள் ஓடிவிட்டாள். கேப்டன் வாசல் வரை பாய்ந்தவர், தாள்களோடு எங்களைத் தனியே விட முடியாமல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றார். பிறகு திரும்பி, எங்கள் முகத்தைப் பார்க்காமல், "பேனாவைக் கீழ வைங்க" என்றார். பெரியண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். தாள்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நான் முதலில் ஓடியது அவளிடம்தான், தண்ணீர் எடுத்துக்கொண்டு. குழாயடியில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"மன்னிச்சுடுங்கக்கா."

"பைத்தியம், உடம்புக்கு வந்தா நீ என்ன பண்ணுவே? அழாதே." அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தங்கும் அறை வரை கொண்டுபோய் விட்டேன்.

தலைமையகம் வழக்கமான பதிலையே அனுப்பியது. திடீர் உடல்நலக் குறைவால் தேர்வு ரத்து, அரையாண்டு கழித்து மறுதேர்வு, வயது வரம்பில் எவருக்கும் தளர்வு இல்லை. மறுதேர்வுக்கு முன்பே என் பிறந்தநாள் வந்துவிடும். எழுதிய வரைக்குமாவது என் தாளைத் திருத்தச் சொல்லுங்கள் என்று கேப்டனிடம் கெஞ்சினேன். ரத்தான தாள்களை எரித்தாகிவிட்டதாம், அதுதான் விதியாம்.

என் கோபம் எல்லாம் ஊசிக்காரர் மேல் திரும்பியது. நேரே மருத்துவப் பிரிவுக்குப் போய், கொதிக்கும் தண்ணீரில் ஊசிகளைப் போட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஒழுங்கா வந்திருந்தா என் பொழப்பு போயிருக்குமா? எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னை ஏன் திட்டுறீங்க? உங்க பொடிசுதானே காலையில வந்து, பரிட்சைக்கு வேற ஆள் போட்டாச்சு, நீங்க துப்பாக்கி சுடுற மைதானத்துக்குப் போங்கன்னா."

"அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா."

"நான் ஊசி போடுறவன்மா, கதை கட்டுறவன் இல்ல. மைதானத்துல வெயில்ல காஞ்சது நான்தானே?"

 கிளம்பிட்டாராம், வந்துடுவார் என்று அவள் கேப்டனிடம் சொன்ன குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. பணி ஒதுக்கும் அலுவலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பொடிசு தனியாகத்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"ஊசிக்காரரை நீதான் அனுப்பினியா?"

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன்.

"நான் ஒண்ணுமே படிக்கலக்கா. ஃபெயில் ஆனா மூணு வருஷம் எழுத விட மாட்டாங்க. ரத்தானா மறுபடி எழுதலாம். வேற வழி தெரியல."

"எனக்கு இதுதான் கடைசின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." மேசையின் ஓரத்தைச் சுரண்டினாள். "நீங்க வீட்டுக்கு வந்தா நிம்மதின்னு மாமாவே சொன்னாரேக்கா. எனக்கு இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க."

என் கணவரின் கிண்டலைப் பிடித்து வைத்திருந்து கத்திபோல என் கழுத்திலேயே வைத்தாள். அறைந்துவிடலாமா என்று கை பரபரத்தது. அறையவில்லை. அழுகை வந்துவிடும் என்ற பயத்தில் வெளியே வந்துவிட்டேன்.

கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

"நீ சொல்றது உண்மைதான்னு வெச்சுக்குவோம். விசாரணைன்னு வந்தா முதல் கேள்வி என்ன? ரெண்டாவது ஆள் இல்லாம உறையைப் பிரிச்சது யாருன்னு. நான்தானே? உன் பரிட்சை திரும்பி வரப் போறதில்ல. என் பேரையும் ஏன் கெடுக்கணும்?"

"அப்போ என் கதி?"

"மறுதேர்வுக்கு ரெண்டாவது கண்காணிப்பாளரா உன்னையே போடறேன். உன்னை மாதிரி நம்பிக்கையான ஆள் யாரு இருக்கா?"

காறித் துப்பலாம் போல இருந்தது. முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தேன். ஆனால் கேப்டன் சொல்லிக் கேள்விப்பட்டு, அன்று மதியம் பெரியண்ணன் கிடங்குக்கு வந்து, அண்டா வாங்க வந்தவர்போல நின்றார். எனக்கு முடிந்த வயது வரம்பு அடுத்த தேர்வோடு அவருக்கும் முடிகிறது.

"நீ அந்த ரூம்ல இரும்மா. நீ இருந்தா தப்புத்தண்டா நடக்காது. எனக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றார். அவருக்காக ஒப்புக்கொண்டேன்.

மறுதேர்வு என் பணிக்காலத்தின் கடைசி வாரத்தில் வந்தது. அதே அறை, அதே வெள்ளைத் துணி. நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். எழுத வேண்டிய கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் இந்த முறை என்னைத் தொட்டுப் பார்க்காத குறையாக, ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு உறையைப் பிரித்தார். பெரியண்ணன் மெல்ல எழுதத் தொடங்கினார். அவர் வரி வரியாக முன்னேறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

பாதி நேரம் போயிருக்கும். பொடிசு கையைத் தூக்கினாள். வெளியே போக வேண்டுமாம். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் அவளோடு நடந்தேன்.

நடைவழியில் யாரும் இல்லை. கழிப்பறை வாசலுக்கு வந்ததும் அவள் உள்ளே போகவில்லை. என் பக்கம் திரும்பி, பழைய சாப்பாட்டு மேசைக் குரலில் கேட்டாள்.

"அக்கா, நாலாவது கேள்வி. தீ விபத்துக்கு அப்புறம் மிச்சம் இருக்கற பொருளை எப்படிப் பிரிக்கணும்? நீங்க சொல்லிக் கொடுத்தீங்க, எனக்கு மறந்துபோச்சு. ஒரே ஒரு வார்த்தை."

 கோபமா, அவமானமா என்று பிரித்தறியக்கூட முடியவில்லை. இவள் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

"உனக்கு வெட்கமே கிடையாதா? இதை இப்பவே உள்ள போய்ச் சொன்னா நீ பட்டாளத்துலயே இருக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும்" என்றாள். அவள் குரலில் நடுக்கம் இல்லை. "ஆனா வெளிய கேள்வியைப் பத்திப் பேசினாலே ரூம் முழுக்க ரத்துதானேக்கா. பெரியண்ணன் பாவம். நீங்க சொல்ல மாட்டீங்க."

அவள் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்றுகூட மண்டையில் ஏறவில்லை. என்னை மட்டும் அவள் நன்றாகப் படித்து வைத்திருந்தாள். ஊசிக்காரரை அனுப்பிய காலையிலும், நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பதில் சொல்ல மாட்டேன். உள்ள போறதுன்னா போ, இல்லேன்னா திரும்பி நட" என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினாள். நாங்கள் வகுப்பறை வாசலுக்கு வந்ததும் கேப்டன் எழுந்து நின்று, விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வெளிய தேர்வு சம்பந்தமா ஏதாவது பேச்சு நடந்ததா?"

பெரியண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனா அந்தரத்தில் நின்றது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து, தாளில் விழுந்துவிடுமோ என்று அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பொடிசு யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தாள்.

இத்தனை வருடப் பட்டாள வாழ்க்கையில் மேலதிகாரி கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னதே இல்லை.

"இல்ல சார்" என்றேன். பெரியண்ணன் மறுபடியும் எழுதத் தொடங்கினார்.