மூன்றாம் ஓலை

ஜெனித் எனக்குக் கிடைத்தது சர்வாதிகாரிகளின் தயவால்தான். திருவட்டாறு பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர். தோஹாவில் வேலை பார்த்த அவன் விடுப்பில் வரும்போதெல்லாம் நேராக என் மேஜைக்கு வருவான். "நாடு நாசமாப் போற நாவல் புதுசா வல்லதும் உண்டா?" என்பான். பேச்சுரிமை போன நாடு, வீட்டுக்குள்ளேயே உளவு, வாயைத் திறந்தால் சிறை. இந்தக் கண்றாவியையெல்லாம் சுடச்சுட நெய்யப்பம் தின்கிறவன் மாதிரி ரசித்து வாசிப்பான். வாசித்து முடித்ததும் என்னோடு சண்டை.

"ஒரே ராத்திரியில பட்டாளம் வந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டுது, பாத்தியா?"

"பட்டாளம் எதுக்கு? உன் நல்லதுக்குத்தான், பேசாம இரின்னு நாலு பேரு சொன்னா போதாதா?" என்பேன் நான்.

சண்டை போட்டுப் போட்டே காதலித்தோம். ஒரே ஊர், ஒரே சபை. இரண்டு வீட்டிலும் மறுப்பில்லை. நிச்சயதார்த்தத்தன்று அவன் அம்மா குளோரி மாமி லட்டுத் தட்டோடு வந்து, "கல்யாணம் முடிஞ்சதும் அஜிதா வேலைய விட்டுட்டு தோஹாவுக்குப் போயிருவா" என்று எல்லாருக்கும் அறிவித்தார். அப்பா தலையாட்டினார். தேர்வுக்குப் படித்துப் படித்துக் கண் பூத்து நான் வாங்கிய வேலை அது.

"எனக்கு இஷ்டமில்ல மாமி."

"எல்லாம் போகப் போகச் சரியாவும் மக்கா" என்று சொல்லி என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். ஜெனித்தைப் பார்த்தேன். அத்தனை சர்வாதிகாரிகளையும் கரைத்துக் குடித்தவன் தட்டிலிருந்த லட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனையும் விட முடியாது, வேலையையும் விட முடியாது.

பிறகு போனில், "அம்மாட்ட பேசினியா?" என்று கேட்கும்போதெல்லாம், "நேரம் பாத்துப் பேசுகேன்" என்பான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்பார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கேட்ட வாயை மூடாமலே பெண்கள் ஐக்கியக் கூட்ட அறிவிப்புக்குத் தாவிவிடுவார். இதுவரை யாரும் எழுந்து நின்றதாகச் சரித்திரமில்லை.

முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் அப்படித்தான் போயின. மூன்றாவதுக்கு ஜெனித்தும் தோஹாவிலிருந்து வந்துவிட்டான். மூன்றாம் ஓலையில் போதகர் கேட்டு முடிக்கவும் நான் எழுந்துவிட்டேன்.

"எனக்கு ஆட்சேபணை உண்டு, ஐயா."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது உன் கல்யாணம்லா?"

"கல்யாணத்துக்கு ஆட்சேபணை இல்ல ஐயா. என் வேலைய விடணும்னு எனக்கு இஷ்டமில்லாமலே முடிவு செஞ்சதுக்குத்தான்."

குளோரி மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் ஆண்கள் பக்கம் பார்க்கவில்லை. இப்போதும் அவன் குனிந்துகொண்டிருந்தால் அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

பெஞ்சு கிறீச்சிட்டது.

"எனக்கும் அதே ஆட்சேபணை உண்டு, ஐயா." ஜெனித்தின் குரல்தான். பாதியில் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "அம்மா, அவ வேலைய விடாண்டாம். நான் தோஹாவ முடிச்சிட்டு இங்க வாறேன். முன்னாலயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

சண்டாளன், என்னை அழ வைத்துவிட்டான். அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

போதகர் ஆராதனைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை போலிருக்கிறது. குளோரி மாமியைப் பார்த்தார். மாமி மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாசியுங்க ஐயா. பிள்ளைகளே பேசிட்டுதுகளே" என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம். போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை முதலிலிருந்து வாசித்தார். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். இந்த முறை அடுத்த அறிவிப்புக்குத் தாவவில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் என்னைப் பார்த்தார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

நான் எழவில்லை.