கடைசி மெழுகுவர்த்தி

வேலாயுதத்துக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் படுத்து எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. ஐந்து வருஷத்து அலுப்பு. சிங்கப்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி உத்தியோகம், நாகப்பட்டினம் போகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. ஊர் உலகத்துக்கெல்லாம் வழி எழுதிக் கொடுக்கிற மனுஷனுக்குத் தான் போக வழியில்லை. அங்கே மனைவி மங்களம் நாலு மாதமாகப் படுத்த படுக்கை. மைத்துனன் மூன்று கடிதம் போட்டுவிட்டான். இவரும் மூன்று தடவை லீவு கேட்டுவிட்டார். மூன்று தடவையும் காப்ளி துரை மீசையைத் தடவிக்கொண்டு, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றதோடு சரி.

துரை கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் மனசாரத் திட்டிவிட்டாவது தூங்கலாம். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே பைத்தியம், ஹைடன். நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஆஸ்திரிய இசைக்காரர். "சனிக்கிழமை சாயங்காலம் கிராணிகள் நாலு பேரும் என் பங்களாவுக்கு வாருங்கள். ஹைடனைக் கேட்கப் பழக்குகிறேன்" என்று உத்தரவு போட்டார். அன்றைக்குத் துரையின் மனசைக் குளிர வைத்தால் லீவு கிடைத்துவிடும் என்று வேலாயுதம் நம்பினார்.

ஆகவே வியாழக்கிழமை வேலை விட்டதும் ஜாலான் புசார் தெருவுக்கு நடந்தார். அங்கே சேக் தாவூது கடை வைத்திருந்தார். ஊர் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் ஏலம் விட்டுவிட்டுப் போகிற கிராமபோனும் இசைத்தட்டும்தான் சரக்கு.

"பாய், இந்த ஹைடன்ல எதைக் கேட்டா எனக்குப் புரியும்? துரைகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணும்."

"புதுக் காதுக்கு மூணு போதும் கிராணியாரே. முதல்ல இதக் கேளுங்க."

பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல மெல்ல மெல்ல ஒரு மெட்டு வந்தது. வேலாயுதத்துக்குக் கண் சொருகியது. திடீரென்று அத்தனை வாத்தியமும் சேர்ந்து ஒரே அடி! மனுஷன் முக்காலியோடு துள்ளிவிட்டார்.

தாவூது விழுந்து விழுந்து சிரித்தார். "தூங்குறவங்களுக்கு வச்ச வேட்டு. இது பிடிச்சா அடுத்தது இந்தத் தட்டு. நாலே நாலு தந்தி வாத்தியம், அவங்க ராஜாவுக்கு வாழ்த்து. அவசரப்படாமக் கேக்கணும்."

"மூணாவது?"

"அது தட்டுல இல்ல, கதையாத்தான் இருக்கு. பியானோ சொல்லிக் கொடுக்கிற அம்மா ஒருத்தவங்க சாமானை ஏலம் விட வந்தப்ப சொன்னாங்க. ஹைடனோட எசமான் ஒரு இளவரசர். வாத்தியக்காரங்களை மாசக்கணக்குல அரண்மனையிலேயே பிடிச்சு வச்சிக்கிட்டாராம். பொண்டாட்டி பிள்ளைங்க எங்கேயோ இருக்காங்க. வாயைத் திறந்து கேக்க முடியுமா? ஹைடன் ஒரு இசை எழுதினாரு. கடைசிப் பகுதியில ஒவ்வொருத்தரா வாசிச்சு முடிச்சு, முன்னால இருக்கிற மெழுகுவர்த்தியை அணைச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. கடைசியில ரெண்டு வயலின்தான் மிச்சம். இளவரசருக்குப் புரிஞ்சிடுச்சு. மறுநாளே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

வேலாயுதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல ராஜா, பாய்" என்றார்.

வெள்ளிக்கிழமை துரையிடம், "மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போவார்களே, அதைக் கேட்க ஆசை சார்" என்றார். துரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அதையே வாசிப்போம்! என்னிடம் ஆள் குறைவு. இல்லாத வாத்தியக்காரர்களுக்குப் பதிலாக நீங்கள் நாலு பேரும் மெழுகுவர்த்தியோடு உட்காருங்கள். நான் தலையாட்டும்போது ஒவ்வொருவராக ஊதி அணைத்துவிட்டுப் போக வேண்டும்." பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்களே, அந்த விளையாட்டு.

சனிக்கிழமை பங்களாவில் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. துரை வயலின், துரைசானி பியானோ, பட்டாளத்து பாண்டுக்காரர்கள் இரண்டு பேர். வேலாயுதத்துக்குக் கடைசி மெழுகுவர்த்தி. முதலில் சக கிராணி பரமசிவம் ஊதிவிட்டுப் போனார். பிறகு மற்ற இருவரும். துரை இவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

வேலாயுதத்துக்கு ஊத வாய் வரவில்லை. விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஊரில் மங்களம் அந்த நிலையில் கிடக்க, இங்கே இவர் ஒரு சுடரை ஊதுவதா? எரிகிற மெழுகுவர்த்தியை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்.

கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். இசை முடிந்ததும் துரை வராந்தாவுக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "அற்புதம்! சுடரோடு வெளியே போனாயே, அது ஹைடனுக்கே தோன்றவில்லை!"

இதைவிட நல்ல நேரம் வராது. "சார், என் மனைவி சாகக் கிடக்கிறாள். அதனால்தான் ஊதவில்லை. அந்த இளவரசர் தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார், சார்."

"ஆமாம், எவ்வளவு பெரிய மனது!" துரை இவர் தோளைத் தட்டினார். "அடுத்த மாதம் முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள். இதையே செய்ய வேண்டும், நீ இல்லாமல் முடியாது. லீவை அதற்குப் பிறகு பார்க்கலாம்."

வேலாயுதத்துக்குக் கோபம்கூட வரவில்லை. சுடர் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் மெழுகுவர்த்தியை ஜன்னலோரம் வைத்தார். அது தானாக எரிந்து முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஹைடனின் ஆட்கள் யாரும் உத்தரவு கேட்டுக்கொண்டு எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சீட்டுக்கான பணத்தைத் தன் மடியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டார். பெயர் என்ற இடத்தில், ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, வேலாயுதம் என்று எழுதினார். உள்ளே துரை அந்த மெட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"போறேன் பரமசிவம்" என்றார்.

பரமசிவம் பதறிவிட்டார். "என்னண்ணே இது? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

வேலாயுதம் பேனாவை மூடி வைத்தார். "போறேன்" என்றார் மறுபடியும்.