சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மனித மூளை நொடிக்கு நொடி அழிந்துகொண்டிருக்கும்போது அறிவியல் கைகட்டிக்கொண்டு நிற்காது என்று அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஆளுயரப் பலகை அறிவித்தது. பலகைக்குக் கீழே, சாய்தளத்தில், ட்ராலிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முதல் ட்ராலியில் கிடந்த பெரியவர் அந்த வாசகத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, முகத்தில் வெயில் அடிக்கிறது, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்றார். ட்ராலிக்காரர் தள்ளி நிறுத்தினார். கோட்டைத் தாண்டாமல்தான்.

வாசற்படியில் கிடந்த அந்தச் சிவப்புக் கோடு, பிரிவின் தலைவரான பேராசிரியரின் ஆய்வுக்காகப் போட்டது. பக்கவாதம் என்று சந்தேகப்படும் நோயாளி கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் இளம் டாக்டர் கடிகாரத்தை அழுத்துவார். ஸ்கேன் படம் திரையில் விழுந்ததும் மறுபடி அழுத்துவார். நடுவில் போகும் நேரம் குறைய வேண்டும். தொடக்கத்தில் அது குறைவேனா என்றது. இருந்ததோ ஒரே ஒரு ஸ்கேன் மெஷின். பேராசிரியர் இளம் டாக்டரை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தார். பார்க்கச் சகிக்காமல் ட்ராலிக்காரர்தான் வழி சொன்னார்.

"ஏன் சார் கிடந்து தவிக்கிறீங்க? மெஷின் காலியானதும் சொல்லுங்க, ஒரே தள்ளா தள்ளிட்டு வர்றேன். அதுவரைக்கும் வெளியில நிக்கட்டும். கோட்டைத் தாண்டினாத்தானே கணக்கு?"

இளம் டாக்டர் அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை. நேரம் சரசரவென்று இறங்கியது. எப்படி இறங்கியது என்று பேராசிரியர் கேட்கவில்லை. ட்ராலிக்காரருக்குக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள 'ஆய்வுக் குழு' என்று அட்டை வந்தது.

அவர் மனைவி தையல் ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

"விஞ்ஞானி ஐயா, ஆராய்ச்சியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, இந்தக் குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்பாள். அவர் முறைப்பார். அட்டையோடுதான் குப்பை கொட்டப் போவார். தெருவில் நாலு பேர் பார்க்கட்டுமே.

அன்றைக்கு ஸ்கேன் அறை காலையிலிருந்தே நோயாளிகளுக்கு இல்லை. பேராசிரியர் இன்னொரு ஆய்வையும் கையில் எடுத்திருந்தார்: மூளையை இன்னும் துல்லியமாகப் படம் பிடிக்கும் முறை. அதற்காக ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தலை ஒன்று வந்திருந்தது. ட்ராலிக்காரரே அதைத் துணியில் சுற்றி, கீழே தலையணை கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனார். "மெதுவா, மெதுவா. ஆடினா குமிழி வந்துடும்" என்று பேராசிரியர் பக்கத்திலேயே நடந்து வந்தார். எந்த நோயாளியோடும் அவர் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. தலை எங்கும் நிற்காமல் உள்ளே போய்விட்டது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு வாடகைக் கார் சாய்தளத்தில் ஏறி நின்றது. "மாமா!" என்று அலறிக்கொண்டு இறங்கியது ட்ராலிக்காரரின் மச்சினி. அக்காவும் தங்கையும் ஒரே ஆலையில் வேலை. பின் சீட்டில் அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். வாய் கோணியிருந்தது.

"காலர் தைச்சிட்டேதான் மாமா இருந்தா. கத்திரி கீழ விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தேன், மறுபடி விழுந்துச்சு. என்னடி விளையாட்டுன்னு திட்டிட்டேன் மாமா."

மனைவி அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். "த... த..." என்று மட்டும் வந்தது. ட்ராலிக்காரர் அவளை வாரியெடுத்து ட்ராலியில் கிடத்தி, வரிசைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஓரமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார். முன்சக்கரம் கோட்டைத் தொடும் நேரத்தில் இளம் டாக்டர் கையைக் காட்டினார்.

"அண்ணே, நில்லுங்க. தலை இன்னும் உள்ளதான் இருக்கு."

"இது என் சம்சாரம் சார்."

டாக்டரின் முகம் செத்துவிட்டது. உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது நடந்து வந்தார்.

"பாதியில எடுத்தா காலையிலேருந்து செஞ்சதெல்லாம் வீணாயிடும்கிறாரு அண்ணே. இதோ முடிஞ்சிடுமாம்."

"உள்ள படுக்க வச்சு ஊசியாவது போடுங்களேன்."

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி அது, ஸ்கேன் பார்க்காம போடக் கூடாது. உள்ள வந்தா கடிகாரம் வேற ஓடும். உங்களுக்குத் தெரியாததா?"

"அவர்கிட்ட என்ன மாமா பேச்சு? தள்ளுங்க உள்ள!" என்றாள் மச்சினி.

"இரும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எவன் போட்ட முறை?"

ட்ராலிக்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய கால், அவரைக் கேட்காமலேயே, ட்ராலியின் பிரேக்கை அழுத்தியிருந்தது.

மனைவியின் வலது கை ட்ராலியின் விளிம்பிலிருந்து சரிந்து தொங்கியது. எடுத்து வயிற்றின்மேல் வைத்தார். மறுபடி சரிந்தது. "இவங்களை முன்னால விடுங்கய்யா, நான் எப்படியும் கிடக்குறவன்தானே" என்றார் பெரியவர். முன்னால் விட்டால் போவதற்கு இடம் எங்கே? "உள்ள எந்தப் பெரிய மனுஷனுக்குப் பாக்குறாங்க?" என்று மச்சினி கேட்டாள். பிளாஸ்டிக்குக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெயில் சாய்தளத்தை விட்டு விலகிச் சுவரில் ஏறியபின் தலை வெளியே வந்தது. பேராசிரியர் பூரித்துப்போயிருந்தார். "இவ்வளவு தெளிவான படம் இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லை" என்று எதிரில் வந்த எல்லோரிடமும் சொன்னார். ட்ராலிக்காரரிடமும் சொன்னார். பெரியவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார். ட்ராலிக்காரர் தள்ளிய தள்ளில் சக்கரம் தரையில் படவில்லை.

இளம் டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊசிக்கு ஒரு கெடு இருக்கு அண்ணே. அது தாண்டிடுச்சு" என்றார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, "ஆனா கோட்டுலேருந்து படம் வரைக்கும் இதுவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் மெஷினில் ஆலை வேறொருத்தியை உட்கார வைத்தது. வலது கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை, பசி, தாகம், கோபம் எல்லாவற்றுக்கும் 'த'தான். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோ வாங்கினார்.

ஆய்வுக்கு விருது கிடைத்தது. விழாவுக்கு, மிக விரைவாகக் கண்டறியப்பட்ட நோயாளியை மேடையேற்ற வேண்டும் என்று பேராசிரியர் விரும்பினார். அந்த நோயாளி குழு உறுப்பினரின் மனைவியாகவே இருந்தது அவருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

"போகாதீங்க மாமா. வெக்கமா இல்ல?" என்றாள் மச்சினி.

"கைக்குப் பயிற்சி குடுக்குற இடமும் அவர் கையிலதான் இருக்கு. போகலைன்னா நாளைக்கு இவளை எவன் தொடுவான்?"

மேடையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பின்னால் நின்றார். பேராசிரியர் ஒவ்வொரு நொடியின் அருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 'இறுதியாக' என்று சொன்னார். சற்றுக் கழித்து மறுபடியும் 'இறுதியாக' என்றார். மனைவி இடது கையால் ட்ராலிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "த... த..." தாகம் என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவள் தலையை வெட்டித் திருப்பிக்கொண்டாள். மறுபடி இழுத்தாள். "முடியப் போகுதும்மா, சத்தம் போடாதே" என்று அவர் அவள் காதில் சொன்னார்.

ஒருவழியாக அவளை அழைத்தார்கள். அவர் நாற்காலியை நடுவுக்குத் தள்ளினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நல்ல பக்கமாகத் திரும்பச் சொன்னார் புகைப்படக்காரர். அவர் கேமராவை இறக்கிவிட்டுக் கீழே பார்த்தார்.

பேச்சு நீண்டுவிட்டதால் அவள் நாற்காலியிலேயே சிறுநீர் கழித்திருந்தாள்.